மலேரியாக் கிருமிகள் ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொள்ளும் நுண்பைகள்

மலேரியாவில் ஆளைக் கொல்லும் வகை என்று பெயரெடுத்தது பிளாஸ்மோடியம் ஃபால்சிபாரம். மனித ரத்தத்தில் அதன் வாழ்க்கை பெரும்பாலும் ஒரு சிவப்பணுவுக்குள்ளேயே கழிகிறது. உள்ளே புகுந்து, ஹீமோகுளோபினைத் தின்று வளர்ந்து, சுமார் 48 மணி நேரத்தில் 16 முதல் 32 வரை குட்டிகளாகப் பிரிந்து, அணுவை உடைத்துக்கொண்டு வெளியே வரும். வந்த ஓரிரு நிமிடங்களில் ஒவ்வொன்றும் இன்னொரு சிவப்பணுவைப் பிடித்து உள்ளே போய்விடும். மறுபடியும் 48 மணி நேரம்.

இப்படியே பெருகிக்கொண்டிருந்தால் நோயாளி படுத்துவிடுவார்; ஆனால் கிருமி அடுத்த ஆளுக்குப் போய்ச் சேராது. கொசு வழியாகப் போக வேண்டுமானால் கூட்டத்தில் ஒரு பகுதி ஆண், பெண் வடிவங்களாக மாறியாக வேண்டும். கேமிட்டோசைட் என்று இவற்றைச் சொல்வார்கள். ஃபால்சிபாரத்தில் இவை முதிரவே 10 முதல் 12 நாள் பிடிக்கும். மாறியது மாறியதுதான், மனித ரத்தத்தில் அது இனிப் பெருகாது. அனாஃபிலிஸ் கொசு வந்து உறிஞ்சினால் உண்டு, இல்லையென்றால் அங்கேயே அழியும். எல்லாக் கிருமியும் மாறிவிட்டால் தொற்று முடிந்துபோகும். எதுவுமே மாறாவிட்டால் பரவல் முடிந்துபோகும். அப்படியானால் எப்போது மாறுவது, எத்தனை மாறுவது?

ஆய்வகத்தில் மலேரியாக் கிருமியை வளர்ப்பவர்களுக்குப் பல பத்தாண்டுகளாகத் தெரிந்த விஷயம் ஒன்று உண்டு. வளர்ப்புத் தட்டில் கூட்டம் அதிகமானால் கேமிட்டோசைட்டும் அதிகமாகும். கூட்டமான தட்டிலிருந்து திரவத்தை மட்டும் எடுத்து வேறொரு தட்டில் ஊற்றினாலும் அதே விளைவு வரும். கிருமியோ மூன்று சவ்வுகளுக்கு உள்ளே இருக்கிறது: தன்னுடைய சவ்வு, தன்னைச் சுற்றி அமைத்துக்கொண்ட அறையின் சவ்வு, சிவப்பணுவின் சவ்வு. அத்தனைக்கும் உள்ளே இருந்துகொண்டு, வெளியே கூட்டம் சேர்ந்துவிட்டதை அது எப்படித் தெரிந்துகொள்கிறது என்பதுதான் பிடிபடாமல் இருந்தது.

2013-இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் ஒரே இடத்தைச் சுட்டிக்காட்டின. ஒன்று மெல்போர்னில் வால்டர் அண்ட் எலைசா ஹால் நிறுவனத்தில் இருந்தது. மற்றது பாஸ்டனில் ஹார்வர்டின் பொதுச் சுகாதாரப் பள்ளியில். தொற்றிய சிவப்பணுக்கள் மிக நுண்ணிய கொழுப்புச் சவ்வுப் பைகளை ரத்தத்தில் விடுகின்றன, அவை மற்றத் தொற்றிய அணுக்களுக்குள் போகின்றன, போன இடத்தில் கேமிட்டோசைட் உருவாவது கூடுகிறது என்று இருவரும் காட்டினார்கள். பையின் அளவைக் கூட்டக் கூட்ட விளைவும் கூடுகிறது என்பதை ஹார்வர்ட் குழு பதிவு செய்தது.

நுண்பை என்றால் என்ன? செல் தன் சவ்விலேயே கொஞ்சம் கிள்ளி எடுத்துக் கட்டி வெளியே அனுப்பும் பொட்டலம் அது. 30 நானோமீட்டரிலிருந்து சில நூறு நானோமீட்டர் வரை இருக்கும். 100 நானோமீட்டர் அளவுள்ள பைகளாக 70, 80 அடுக்கினால்தான் ஒரு சிவப்பணுவின் அகலம் வரும். சாதாரண நுண்ணோக்கியில் தெரியாது. உள்ளே புரதம், கொழுப்பு, ஆர்.என்.ஏ., சில நேரம் டி.என்.ஏ. துண்டுகூட இருக்கும். பாக்டீரியா முதல் மனிதச் செல் வரை எல்லா உயிரினமும் இதைச் செய்கிறது.

இதில் ஒரு பொருத்தம் எனக்குப் பிடித்தமானது. எக்ஸோசோம் என்று இன்று எல்லோரும் சொல்லும் நுண்பை வகை முதன்முதலில் புலப்பட்டதே முதிர்ந்துகொண்டிருக்கும் சிவப்பணுக்களில்தான். 1983-இல் மாண்ட்ரியல் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ரோஸ் ஜான்ஸ்டோனின் குழு ஆட்டின் இளம் சிவப்பணுக்களை ஆராய்ந்தது. அதே சமயத்தில் அமெரிக்காவில் இன்னொரு குழு எலியின் அணுக்களை ஆராய்ந்தது. இரும்புச்சத்தை உள்ளிழுக்க உதவும் ஏற்பிகள் இனித் தேவையில்லை என்றானதும் அணு அவற்றைப் பைகளில் கட்டி வெளியே தள்ளுவதைப் பார்த்தார்கள். கழிவகற்றும் வேலை என்றுதான் அப்போது நினைத்தார்கள். வெகுகாலம் அப்படியே போனது. 2007-இல் ஸ்வீடனின் கோத்தன்பர்க் குழு, எலிச் செல்லின் பைகளை மனிதச் செல்லுக்குக் கொடுத்தபோது அந்த மனிதச் செல்லில் எலிப் புரதம் உருவானதைக் காட்டியது. பைக்குள் போன ஆர்.என்.ஏ. வேலை செய்திருக்கிறது. அதற்குப் பிறகு இதைக் கழிவு என்று ஒதுக்க யாராலும் முடியவில்லை.

சரி, மலேரியாவுக்கு வருவோம். முதிர்ந்த சிவப்பணுவுக்கு உட்கரு கிடையாது, பொருள்களைக் கட்டி அனுப்பும் உள்ளமைப்பும் கிடையாது. அது தானாக விடும் பைகள் கொஞ்சம்தான். கிருமி உள்ளே போனதும் நூற்றுக்கணக்கான புரதங்களை அணுவுக்குள் ஏற்றுமதி செய்து, மௌரர் பிளவுகள் எனப்படும் சவ்வு அமைப்புகளைத் தானே கட்டிக்கொள்கிறது. மெல்போர்ன் குழு பிடித்த பி.டி.பி.2 என்ற கிருமிப் புரதம் இந்தப் பிளவுகளோடு தொடர்புடையது. அதை நீக்கிவிட்டால் தகவல் பரிமாற்றம் பெரிதும் குறைந்துவிடுகிறது. இது வெறும் கசிவல்ல என்று நம்புவதற்கு இந்த ஒரு முடிவே எனக்குப் போதுமான காரணமாகப் படுகிறது. சிவப்பணு நோய்வாய்ப்பட்டு உதிர்க்கும் துணுக்கு என்றால் கிருமியின் ஒரு தனிப் புரதத்தை எடுத்ததும் அது ஏன் நிற்க வேண்டும்?

அந்தக் குழு செய்த முக்கியச் சோதனையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இரண்டு வகை மலேரியாக் கிருமிகளை எடுத்துக்கொண்டார்கள். ஒன்றுக்கு பிளாஸ்டிசிடின் என்ற மருந்தைத் தாங்கும் மரபணுவைச் சேர்த்தார்கள். மற்றதற்கு டபிள்யூ.ஆர்.99210 என்ற மருந்தைத் தாங்கும் மரபணு. இரண்டும் பிளாஸ்மிட் என்ற வட்ட டி.என்.ஏ. வடிவில் இருந்தன. முதல் வகை இரண்டாம் மருந்தில் சாகும். இரண்டாம் வகை முதல் மருந்தில் சாகும். இரண்டு வகையையும் ஒன்றாக வளர்த்து, இரண்டு மருந்தையும் சேர்த்து ஊற்றினால் எதுவும் மிஞ்சக்கூடாது. மிஞ்சின. நடுவில் செல்கள் கடக்க முடியாத, திரவம் மட்டும் கடக்கும் சவ்வை வைத்துப் பிரித்துப் பார்த்தார்கள். அப்போதும் மிஞ்சின. கடைசியில் திரவத்திலிருந்து நுண்பைகளை மட்டும் பிரித்துக் கொடுத்தார்கள். அப்போதும் மருந்தைத் தாங்கும் மரபணு கைமாறியது.

இதைக் கேட்டவுடன் மனம் நேரே, இன்று மலேரியாவுக்கு முக்கிய மருந்தான ஆர்ட்டிமிசினினுக்குக் கிருமி காட்டும் எதிர்ப்புக்குத் தாவும். ஒரு கிருமி மருந்தைத் தாங்கக் கற்றுக்கொண்டால் பக்கத்துக் கிருமிக்கும் அதைப் பையில் போட்டு அனுப்பிவிடுமோ என்ற பயம் வரும். அந்த அளவுக்குப் போகக்கூடாது. கைமாறியது ஆய்வாளர்கள் செருகிய வட்ட டி.என்.ஏ. ஆர்ட்டிமிசினினைத் தாங்க உதவும் கெல்ச் 13 மரபணு மாற்றம் கிருமியின் குரோமோசோமில் இருக்கிறது. தென்கிழக்கு ஆசியாவில் அது பரவிய விதத்துக்கு, மருந்தில் பிழைத்த கிருமிகள் கொசு வழியாகப் பெருகிப் பரவின என்ற பழைய விளக்கமே போதும். மெல்போர்ன் சோதனை ஒரு வழி திறந்திருப்பதைக் காட்டுகிறது. அந்த வழியில் இன்று நோயாளிகளின் உடலில் மருந்து எதிர்ப்பு நடமாடுகிறது என்று அது சொல்லவில்லை.

கேமிட்டோசைட் விஷயத்திலும் நுண்பை மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. 2014-இல் ஏ.பி.2-ஜி என்ற மரபணுதான் பாலின வடிவமாக மாறுவதற்கான முதன்மைச் சாவி என்று தெரிந்தது. 2017-இல் ரத்தத்தில் இருக்கும் லைசோபாஸ்ஃபடிடைல்கோலின் என்ற கொழுப்பு குறையும்போது கிருமி அதை உணர்ந்து பாலின வடிவத்துக்கு மாறுகிறது என்று ஓர் ஆய்வு காட்டியது. கிருமி பெருகப் பெருக இந்தக் கொழுப்பைத் தின்று தீர்க்கும். ஆகவே கூட்டம் அதிகமானதைத் தெரிந்துகொள்ள இது மட்டுமே போதுமான அறிகுறி என்றும் வாதிடலாம். இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. சாப்பாடு குறைவதை ஒவ்வொரு கிருமியும் தானே உணரலாம், கூடவே அக்கம்பக்கத்திலிருந்து வரும் பைகளையும் பெறலாம். ஆனால் நுண்பை பற்றி எழுதும் பலர் இந்தக் கொழுப்பு விஷயத்தைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். அது வாசகருக்குச் செய்யும் நியாயமல்ல.

பைகளைப் பிரித்தெடுக்கும் முறையிலும் சிக்கல் இருக்கிறது. புவியீர்ப்பைப் போல் ஒரு லட்சம் மடங்கு விசையில் திரவத்தைச் சுழற்றினால் பைகள் அடியில் படியும். கூடவே புரதக் கட்டிகள், ரத்தக் கொழுப்புத் துகள்கள், உடைந்த சிவப்பணுவின் சவ்வுத் துண்டுகள் எல்லாம் படியும். மலேரியா வளர்ப்பில் 48 மணி நேரத்துக்கு ஒருமுறை அணுக்கள் வெடிப்பதால் இந்தக் குப்பை மற்ற ஆய்வுகளைவிட அதிகம். படிந்ததில் எது வேலை செய்தது என்று உறுதியாகச் சொல்லத் தனித்தனிச் சோதனைகள் தேவை. இதனால்தான் நுண்பை ஆய்வாளர்களின் சர்வதேசச் சங்கம் 2014, 2018, 2023 என்று திரும்பத் திரும்பக் குறைந்தபட்ச நெறிமுறைகளை வெளியிட்டது. மெல்போர்ன் குழு பைகள் பயணம் செய்வதைக் கிருமியின் இளம் வளையப் பருவத்தில் பார்த்தது. ஹார்வர்ட் குழு அணு வெடிப்பதற்குச் சற்று முந்தைய பருவத்தில் பார்த்தது. இருவரும் பிடித்தது ஒரே வகைப் பையா என்று கேட்பதற்கு இடமிருக்கிறது.

இத்தனைக்குப் பிறகும் மலேரியாப் பைகளின் பட்டியல் வளர்ந்துகொண்டே போகிறது. 2017-இல் இந்தப் பைகளில் கிருமியின் டி.என்.ஏ. இருப்பதும், மோனோசைட் என்ற நோயெதிர்ப்புச் செல்லுக்குள் அது போய் ஸ்டிங் என்ற எச்சரிக்கைப் பாதையைத் தூண்டுவதும் தெரிந்தது. 2021-இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் நெட்டா ரெகேவ்-ருட்ஸ்கியின் குழு இன்னொன்றைக் கண்டது. மெல்போர்ன் ஆய்வை முன்னின்று செய்தவர் அவர்தான். புரதங்களை நறுக்கும் புரோட்டியசோம் என்ற அமைப்பு பைகளுக்குள் இருக்கிறது. தொற்றாத ஆரோக்கியமான சிவப்பணுவுக்குள் அது போய், அணுவின் உட்சட்டத்தைத் தளர்த்தி, அணுவை மென்மையாக்குகிறது. அப்படி மென்மையான அணுவுக்குள் கிருமி எளிதாக நுழைகிறது. ஒரு கிருமி அனுப்பிய பை, அடுத்த தலைமுறை குடியேறப் போகும் வீட்டுக் கதவைத் தளர்த்தி வைத்துவிட்டுப் போகிறது. இதனால் அனுப்பிய கிருமிக்கே நேரடி லாபம் உண்டா என்றால் இல்லை. அதன் குட்டிகளுக்கும் கூட்டத்துக்கும் உண்டு. ஒட்டுண்ணியைத் தனி ஆளாகப் பார்த்தால் இது விளங்காது, கூட்டமாகப் பார்த்தால்தான் விளங்கும்.

ஆப்பிரிக்கத் தூக்க நோய்க் கிருமியான டிரிப்பனோசோமா புரூசி சிவப்பணுவுக்குள் ஒளிவதில்லை. ரத்தத்தில் நேராக நீந்துகிறது. செட்சி ஈ அதைப் பரப்புகிறது. இதன் ஒரு துணைவகை கால்நடையைத் தாக்கும். மனிதரைத் தாக்க முடியாது. நம் ரத்தத்தில் இருக்கும் ஏ.பி.ஓ.எல்.1 என்ற புரதம் அதைத் துளைத்துக் கொன்றுவிடும். கிழக்கு ஆப்பிரிக்காவின் ரொடீசியென்சே துணைவகை எஸ்.ஆர்.ஏ. என்ற புரதத்தால் அந்தத் தாக்குதலைத் தடுத்துக்கொள்கிறது. அதனால்தான் மனிதரிடம் நோயை உண்டாக்குகிறது. 2016-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழு இந்தக் கிருமியின் சாட்டையிழையில் மெல்லிய சவ்வுக் குழாய்கள் முளைப்பதையும், அவை மணி மணியாகத் துண்டாகி நுண்பைகளாவதையும் படம்பிடித்தது. ரொடீசியென்சேயின் பைகளில் எஸ்.ஆர்.ஏ. இருந்தது. அந்தப் பைகளைக் கால்நடை வகைக்குக் கொடுத்தால், சாக வேண்டியது மனித ரத்தத் திரவத்தில் தாக்குப்பிடித்தது. இங்கே கைமாறியது மரபணு அல்ல, செய்து முடித்த புரதம். ஆகவே பாதுகாப்பு தற்காலிகமானது; பெற்ற கிருமி பிரிந்து பெருகும்போது அது நீர்த்துப்போகும். அதே பைகள் சிவப்பணுக்களோடும் ஒட்டி இணைகின்றன. இணைந்த அணுக்களை உடல் கழித்துக்கட்டுகிறது. தூக்க நோயில் வரும் ரத்தசோகைக்கு இதையும் ஒரு காரணமாக அவர்கள் எலிகளில் காட்டினார்கள்.

எச்சரிக்கை விடும் வேலையையும் இந்தக் கிருமியிடம் பார்த்திருக்கிறார்கள். ஈரப் பதமான அகர் தட்டில் ஈயின் உடலில் வாழும் பருவத்து டிரிப்பனோசோமாக்களை விட்டால் அவை கூட்டம் கூட்டமாக, விரல் நீட்டியதுபோல் நகரும். அதே தட்டில் நெருக்கடிக்கு உள்ளான கிருமிகளை வைத்தபோது ஆரோக்கியமான கூட்டம் அவற்றை நெருங்காமல் திரும்பியது. விரட்டியது நுண்பைகள்தான் என்று 2017-இல் பார்-இலான் பல்கலைக்கழகக் குழு எழுதியது.

லீஷ்மேனியாவுக்கு சென்னையோடு நேரடித் தொடர்பு உண்டு. கருங்காய்ச்சலை, அதாவது காலா அசாரை, உண்டாக்கும் லீஷ்மேனியா டோனோவானியின் பெயரில் இருக்கும் டோனோவன், மெட்ராஸ் பொது மருத்துவமனையில் பணியாற்றிய சார்லஸ் டோனோவன். 1903-இல் நோயாளிகளின் மண்ணீரலில் இந்தக் கிருமியை அவர் கண்டார். அதே ஆண்டில் பிரிட்டிஷ் ராணுவ மருத்துவர் வில்லியம் லீஷ்மன் தனியாக அதைப் பற்றி எழுதியிருந்தார். இருவர் பெயரையும் சேர்த்து வைத்தவர் ரொனால்ட் ராஸ்.

இந்தக் கிருமி மணல் ஈயின் குடலில் வாழும்போதே நுண்பைகளை விடுகிறது. ஈ கடிக்கும்போது கிருமியோடு பைகளும் தோலுக்குள் இறங்குகின்றன. பைகளைச் சேர்த்துச் செலுத்திய எலிகளுக்குப் புண் பெரிதாகிறது என்று மாண்ட்ரியலின் மார்ட்டின் ஒலிவியே குழு 2015-இல் காட்டியது. அதைவிட முக்கியமாக எனக்குப் படுவது 2022-இல் மாண்ட்ரியலிலிருந்தே வந்த இன்னோர் ஆய்வு. மருந்து நெருக்கும்போது லீஷ்மேனியா தனக்கு வேண்டிய மரபணுப் பகுதியைப் பல நகல் எடுத்து, குரோமோசோமுக்கு வெளியே தனித் துண்டாக வைத்துக்கொள்ளும். இதை யாரும் செருகுவதில்லை. அது தன் இயல்பில் செய்வது. இந்த எதிர்ப்புத் துண்டுகள் நுண்பைகளில் ஏறி, மருந்துக்குப் பணியும் லீஷ்மேனியாக்களுக்குப் போய்ச் சேர்ந்தன. பெற்றவை மருந்து நெருக்கடியில் நன்றாகவே தாக்குப்பிடித்தன. மலேரியா சோதனையில் செயற்கை பிளாஸ்மிட் என்று நாம் எழுப்பிய ஆட்சேபம் இங்கே எடுபடாது. பீகாரில் ஆன்டிமனி மருந்து பெரும்பகுதி நோயாளிகளிடம் பலிக்காமல் போய்க் கைவிடப்பட்ட வரலாறு நமக்கு இருக்கிறது. அங்கே எதிர்ப்பு பரவியதில் நுண்பைகளுக்குப் பங்கு உண்டு என்று இந்த ஆய்வை வைத்து முடிவு கட்டிவிட முடியாது. ஆனால் லீஷ்மேனியாவில் மருந்து எதிர்ப்பைக் கண்காணிப்பவர்கள் இனி இந்த வழியையும் கணக்கில் எடுத்தாக வேண்டும். இன்று இந்தியாவில் காலா அசாருக்கு முதல் மருந்து, கொழுப்புப் பைகளில் அடைத்த ஆம்ஃபோடெரிசின்-பி. கிருமி எந்த வடிவத்தில் சரக்கு அனுப்புகிறதோ ஏறக்குறைய அதே வடிவத்தில் மருந்தும் போகிறது.

பால்வினைத் தொற்றான டிரைக்கோமோனஸ் வெஜினாலிஸ் உலகில் ஆண்டுக்கு சுமார் 15 கோடிப் பேருக்கும் மேல் புதிதாகத் தொற்றுகிறது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டு மதிப்பீடு. இதன் சில வகைகள் உடல் செல்லில் நன்றாக ஒட்டும், சில சரியாக ஒட்டாது. நன்றாக ஒட்டும் வகையின் பைகளைக் கொடுத்தால் ஒட்டாத வகையும் ஒட்டத் தொடங்குகிறது என்று லாஸ் ஏஞ்சலஸில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகக் குழு 2013-இல் காட்டியது. மலேரியா ஆய்வுகள் வந்த அதே ஆண்டு.

நம் ஊர் மலேரியாவையும் விட்டுவிடக்கூடாது. சென்னையில் வெகுகாலமாக அதிகம் காணப்படுவது ஃபால்சிபாரம் அல்ல, விவாக்ஸ். அது இளம் சிவப்பணுக்களை நாடும். ரத்தப் பரிசோதனையில் குறைவாகத் தெரியும்போதும் மண்ணீரல், எலும்பு மஜ்ஜை போன்ற இடங்களில் தங்கியிருக்கும். விவாக்ஸ் நோயாளிகளின் ரத்தத்திலிருந்து எடுத்த நுண்பைகள் மனித மண்ணீரலின் செல்களில் ஒட்டும் புரதங்களைக் கூட்டுவதையும், தொற்றிய அணுக்கள் அங்கே பிடித்துத் தங்க அது உதவுவதையும் 2020-இல் பார்சிலோனாவின் ஹெர்னாண்டோ டெல் போர்ட்டிலோ குழு காட்டியது. தட்டில் வளர்த்த கிருமியின் பை அல்ல, நோயாளியின் ரத்தத்தில் ஓடிய பை என்பதால் இந்த முடிவுக்குத் தனி எடை கொடுக்கிறேன். இதே குழு 2011-இல் எலி மலேரியாவில் நுண்பைகளையே தடுப்பூசிபோல் செலுத்திப் பார்த்துப் பாதுகாப்பு கிடைப்பதைக் கண்டிருந்தது. மூளைக்காய்ச்சல் பி வகைப் பாக்டீரியாவுக்கு எதிராக நுண்பைகளைக் கொண்ட தடுப்பூசிகள் ஏற்கெனவே மனிதர்களுக்குப் போடப்படுவதால், இது வெறும் ஆசை என்று தள்ளத் தேவையில்லை.

புழுக்களிடம் வந்தால், பேச்சு பெரும்பாலும் ஒட்டுண்ணிக்கும் நம் உடலுக்கும் இடையில். 2014-இல் எடின்பரோவின் ஏமி பக் குழு, எலியின் குடலில் வாழும் ஹெலிக்மோசொமாய்டிஸ் புழுவின் பைகள் சிறு ஆர்.என்.ஏ.க்களை எலியின் செல்களுக்குள் கொண்டுபோய் நோயெதிர்ப்பை மட்டுப்படுத்துவதைக் காட்டியது. யானைக்கால் நோயை உண்டாக்கும் புழுக்களில் ஒன்றான புருஜியா மலாயியும் இப்படிப் பைகளை விடுகிறது. 2018-இல் அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழகக் குழு, ஐவர்மெக்டின் என்ற புழு மருந்தைக் கொடுத்தால் இந்தப் பைகளின் வெளியீடு குறைகிறது என்று கண்டது.

இதற்குப் பின்னால் ஒரு பழைய புதிர் உண்டு. ஐவர்மெக்டின் சாப்பிட்ட நோயாளியின் ரத்தத்திலிருந்து ஃபைலேரியா எனப்படும் யானைக்கால் புழு இனத்தின் லார்வாக்கள் வேகமாக மறைந்துவிடும். ஆனால் மாத்திரை சாப்பிட்டபின் ரத்தத்தில் இருக்கும் அதே அளவு மருந்தை ஆய்வகத் தட்டில் லார்வாக்கள் மேல் ஊற்றினால் அவை சாவதில்லை. மருந்து புழுவைக் கொல்வதைவிட அதன் வாயை அடைக்கிறது, அதன் சுரப்புகள் நின்றதும் நம் நோயெதிர்ப்புச் செல்கள் அதை அடையாளம் கண்டு முடித்துவிடுகின்றன என்பது ஒரு வலுவான விளக்கம். 2010-இல் இந்த மருந்து புருஜியா லார்வாவின் புரத வெளியீட்டைத் தடுப்பதாக வந்த முடிவும் இதோடு சேர்ந்து போகிறது. இந்தியாவில் யானைக்கால் ஒழிப்புத் திட்டத்தின்கீழ் சில மாவட்டங்களில் டி.இ.சி., ஆல்பெண்டசோல் மாத்திரைகளோடு ஐவர்மெக்டினும் சேர்த்துக் கொடுக்கப்படுவதால் இது நமக்கு அந்நியமான விஷயமல்ல.

இன்று புதிய மருந்து தேடும் ஆய்வகங்களில் முதல் சல்லடை பெரும்பாலும் தட்டுதான்: ஆயிரக்கணக்கான வேதிப்பொருள்களை ஊற்றி, கிருமி செத்ததா என்று பார்ப்பார்கள். சாகாதது முதல் சுற்றிலேயே கழிந்துவிடும். ஐவர்மெக்டினுக்கு மூலமான அவர்மெக்டின் அகப்பட்டதோ வேறு விதத்தில். ஜப்பானிய மண்ணிலிருந்து சதோஷி ஓமுரா பிரித்தெடுத்த நுண்ணுயிரின் வளர்ப்பை அமெரிக்காவின் மெர்க் நிறுவனத்தில் வில்லியம் கேம்பலின் குழு குடற்புழு தொற்றிய உயிருள்ள எலிகளுக்குக் கொடுத்துச் சோதித்தது. அந்தப் புழு, பிற்காலத்தில் எடின்பரோ குழு எடுத்துக்கொண்ட அதே ஹெலிக்மோசொமாய்டிஸ். ஃபைலேரியா இனப் புழுவின் லார்வாக்களை இந்த மருந்து அகற்றுவதும் குதிரைகளில்தான் முதலில் கவனிக்கப்பட்டது. ஒட்டுண்ணிகளின் பேச்சைத் தடுக்கும் மருந்து வேண்டுமென்றால், தட்டில் கிருமி உயிரோடு இருக்கிறதா என்பதோடு எத்தனை பைகளை விடுகிறது என்பதையும் அளக்கும் சோதனைகள் முதல் சுற்றிலேயே சேர்க்கப்பட வேண்டும். பைகளை எண்ணும் கருவிகள் பல ஆய்வகங்களில் ஏற்கெனவே இருக்கின்றன.